நீல மயில் குடுவை

தென்காசியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும், கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி, வாயால் ஊதி, சோதனைக்கூடங்களுக்குக் குடுவையும் குழாயும் செய்து தருகிறவர்கள் மூன்று பேர்தான் தேறுவார்கள். இந்த மூன்று பேரையும், இவர்களைப் போல நாடெங்கும் சிதறிக் கிடக்கிற மற்றவர்களையும் கைதூக்கி விடுவதற்கென்றே ஒரு பேரவை இருக்கிறது. அறிவியல் கண்ணாடி ஊதுநர் ஊக்குவிப்புப் பேரவை என்று பெயர். உறுப்பினர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். அதில் எத்தனை பேருக்கு ஊதத் தெரியும் என்று கேட்பது நாகரிகம் இல்லை. கல்யாணக் கமிட்டிக்காரர்களிடம் போய், உங்களில் யாருக்கு ஐயா சோறு வடிக்கத் தெரியும் என்று நாம் கேட்கிறோமா?

வடகரை பொன்செல்வி அந்த மூன்று பேரில் மூன்றாமவள். வயது இருபத்து நான்கு. தென்காசியில் கிதிர் முகம்மது பாயின் பட்டறையில் ஐந்து வருடமாக நெருப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஊதுநர் வேலை காலியாகியிருந்தது. நிரந்தர வேலை. கைத்திறன் பரீட்சையில் அவள்தான் முதலாவதாக வந்திருந்தாள். ஒரே ஒரு தாள்தான் பாக்கி, பேரவையின் சான்றிதழ். பேரவை ஆண்டுக்கு ஒருவருக்குத்தான் அதைக் கொடுக்கும். அதுவும் ‘இளம் ஊதுநர் புரவலர் திட்டத்தில்’ தேர்வாகி, ஆண்டு மாநாட்டு மேடையில் உட்கார்ந்து எழுந்தவருக்கு.

பொன்செல்விக்குக் கடிதம் வந்தது. “தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். இதற்குப் பின் மறுக்கும் வாய்ப்பு தங்களுக்கு இல்லை என்பதையும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்” என்று எழுதியிருந்தது.

மாநாடு குற்றாலத்தில், ஐந்தருவிச் சாலையில் உள்ள பெரிய விடுதியில். ஆடி மாதம், நல்ல சீசன். அருவிகளில் தண்ணீர் அதிகம் என்று போலீஸ்காரர்கள் குளிக்க விடாமல் கயிறு கட்டியிருந்தார்கள். குளிக்க வந்த கூட்டம் எண்ணெய்த் தலையோடு சாலையில் சும்மா நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் விழுகிற இரைச்சல் விடுதி மண்டபம் வரைக்கும் கேட்டது.

பதிவு மேசையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். முப்பது வயது இருக்காது. பேனாவை எடுக்கப் போன கை அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி மேசையைத் தொட்டது. பிறகு தடவிப் போய்ப் பேனாவைப் பிடித்தது.

“பொன்செல்வியா? வா தங்கச்சி. நான் எபனேசர். அச்சன்புதூர். போன வருசத்து இளம் ஊதுநர் நாந்தான்” என்றார்.

“அண்ணே, உங்களைத் தெரியும். ரெண்டு கல்லூரியில உங்க வேலையப் பாத்திருக்கேன். இப்ப எந்தப் பட்டறையில இருக்கீங்க?”

“இங்கனதான் இருக்கேன். பேரவையில பதிவு மேசை. நாலு பாரம் இருக்கு, நெரப்பித் தா.”

முதல் பாரத்தில் பெயர், ஊர். இரண்டாவதில் ரத்த வகை. மூன்றாவதில் கண்களின் நிறம், வலது தனியாக, இடது தனியாக. நான்காவதில், ‘விருதாளரால் இயலாதபோது விருதைப் பெற்றுக்கொள்ளும் நெருங்கிய உறவினர்’ என்று ஒரு கட்டம். பிறகு போட்டோ எடுத்தார்கள். சிரித்தபடி ஒன்று, சிரிக்காமல் ஒன்று. சிரிக்காதது எதற்கு என்று பொன்செல்வி கேட்டாள். “ஒண்ணு இருக்கட்டும்மா” என்றார் போட்டோக்காரர். பேரவை எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளும் அமைப்பு.

அன்று முழுவதும் அமர்வுகள். ‘இளம் ஊதுநரின் எதிர்காலம்’ என்ற தலைப்பில் ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் எழுபதை நெருங்கியவர்கள், ஆகவே எதிர்காலத்தைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் பேசினார்கள். பொன்செல்வி ஒரு கேள்வி கேட்கக் கையைத் தூக்கினாள். ஆதரவு பெறுகிறவர் கேள்வி கேட்டால் ஆதரவு போதவில்லை என்று பொருளாகிவிடும் என்பதால் கையை இறக்கச் சொன்னார்கள். மண்டபத்தில் எங்கேயும் ஒரு பர்னர்கூட இல்லை. தரைவிரிப்பு புதிது என்று நெருப்பைத் தடை செய்திருந்தார்கள்.

மதியத்துக்குப் பிறகு ‘எபனேசர் வலது கண் நினைவு அமர்வு’ நடந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். எபனேசரும் மைக்கைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, ஓரமாக எழுந்து நின்றார்.

பேரவைத் தலைவர் முனைவர் நாகராஜன் கண்ணாடி ஊதும் தொழிலின் நிர்வாகத்தைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அவருடைய குரல் நல்ல கனமான குரல்.

“நண்பர்களே! ஒரு கண் போனால் என்ன? அது யாருக்காகப் போனது? பேரவைக்காகப் போனது. சென்ற ஆண்டு இதே போன்ற ஒரு மேடையில் அந்தக் குடுவை வெடித்தபோது நாங்கள் யாரும் ஓடவில்லை. ஏனென்றால் நாங்கள் இருபதடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தோம். அந்த அனுபவத்திலிருந்து பேரவை பாடம் கற்றிருக்கிறது. இந்த ஆண்டு நாற்பதடி!”

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.  தேநீர் இடைவேளையில் பொன்செல்வி எபனேசரைத் தேடிப் போனாள்.

“அண்ணே, அது எப்படி வெடிச்சுது?”

எபனேசர் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்ப்பதற்குத் தலையை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. “ஒட்டு சரியில்ல. எனக்கு மொத நாளே தெரியும். மேடையில வச்சி எப்படிச் சொல்ல? சான்றிதழ் தருவாங்கன்னு இருந்தேன். தந்தாங்க. இப்ப ஒரு கண்ணு இல்லாம நெருப்பு எங்கன இருக்கு, கொழாய் எங்கன இருக்குன்னு தட்டுப்படல. ஊத முடியல தங்கச்சி.” குரலைத் தாழ்த்தினார். “பின்கட்டுல உலை வச்சிருக்காங்க. போயி இந்த வருசத்துக் குடுவையப் பாரு. நான் சொன்னேன்னு சொல்லிராத.”

பின்கட்டில், விடுதிச் சமையலறைக்குப் பக்கத்து அறையில் மின்சார உலை இருந்தது. உள்ளே குடுவை. ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பெரிய உருண்டை. பக்கவாட்டில் ஸ்டாப்காக் என்கிற கண்ணாடித் திருகு. குடுவை சோதனைக்கூடக் கண்ணாடி, ஊதினவர் நன்றாகத்தான் ஊதியிருந்தார். ஆனால் அதன் உச்சியில் தோகை விரித்தபடி ஒரு நீல மயில் ஒட்டியிருந்தது. பொன்செல்வி குனிந்து பார்த்தாள். மயில் வளையல் கண்ணாடி.

தொழிலில் காலடி வைத்த முதல் வாரமே தெரிந்துகொள்கிற விஷயம் இது. வளையல் கண்ணாடி ஆறும்போது நிறையச் சுருங்கும். சோதனைக்கூடக் கண்ணாடி அவ்வளவாகச் சுருங்காது. சூடாக இருக்கிற வரைக்கும் இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கும். ஆற ஆற ஒன்றையொன்று இழுக்கும். கடைசியில் விட்டுக்கொடுப்பது குடுவையாகத்தான் இருக்கும். அதற்குள் இருக்கிற காற்றையும் பம்பு வைத்து உறிஞ்சிவிட்டால், உடைகிற நேரத்தில் வெளிக்காற்று உள்ளே பாயும், சில்லுகள் நாலு பக்கமும் பறக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் எத்தனை சில்லு ஏறும் என்று யாரும் எண்ணிச் சொல்ல முடியாது.

ஒட்டினவர் யார் என்று விசாரித்தாள். சென்னையிலிருந்து வரவழைத்த ஒருவர். ஒட்டி முடித்ததும், “ஆற விட்டுராதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அன்று மாலையே பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டாராம்.

தலைவரைக் கையோடு அழைத்து வந்தாள். அவளுடைய பையில் இரண்டு கறுப்புத் தகடுகள் எப்போதும் இருக்கும். அவற்றுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் இழுபறி இருக்கிற இடம் நிறம் நிறமாகத் தெரியும். இழுபறி இல்லாத இடம் இருட்டாக இருக்கும். உலையின் கதவைத் திறந்து, ஒரு தகட்டை மயிலுக்குப் பின்னால் பிடித்தாள். இன்னொன்றைத் தலைவரின் கண் முன்னால் பிடித்தாள்.

“சார், இங்கன பாருங்க. ஒட்டுல தெரியுதா?”

தலைவர் பார்த்தார். மயிலின் காலடியில் சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா என்று வட்ட வட்டமாக நிறங்கள் எரிந்தன. 

“அடடா! என்ன அழகு! இது அவர் சொல்லவே இல்லையே. வானவில் வேறு வைத்திருக்கிறாரா?”

“சார், அது அழகு இல்ல சார். அத்தனையும் ஆபத்து. உலைச் சூட்டுலயே இந்த இழுப்பு இழுக்குது. இந்த ஒட்டு நிக்காது. ஆறினா வெடிச்சிரும்.”

“அம்மா, நீ இளம் ஊதுநர். அவநம்பிக்கை இளமைக்கு அழகல்ல. ஏய் போட்டோக்காரரே! இப்படி வாரும். மாநாட்டு மலரின் அட்டைப்படம் கிடைத்துவிட்டது.”

“மயிலை மட்டுமாவது எடுத்துரலாம் சார். நானே அறுத்துத் தாரேன், அரை மணி நேரத்துல.”

தலைவரின் முகம் முதல்முறையாக மாறியது. “மயிலையா? அது புரவலருடைய விடுதியின் சின்னம். மயில் இல்லாத குடுவை வெறும் குடுவைதானே? வெறும் குடுவையை வைத்துக்கொண்டு யாரை ஊக்குவிப்பது?”

வீட்டுக்குப் போய்விடலாமா என்று பொன்செல்வி யோசித்தாள். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வடகரை. ஆனால் கேரளத்து வேலைக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டிய கடைசித் தேதி அடுத்த திங்கள்கிழமை. குடுவை சூடாக இருக்கிற வரைக்கும் தாங்கும், விழா சட்டென்று முடிந்தால் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தும், மேடை போட்ட விழா சட்டென்று முடியும் என்று நம்பினாளே, அது அவள் செய்த தப்பு.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் குடுவையை உலையிலிருந்து எடுத்து, கம்பளி சுற்றி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். விழா பத்து மணிக்கு. மேடையின் வலது கோடியில் ஒரு மேசை, மேசை மேல் குடுவை, குடுவையை ஒட்டி ஒரே ஒரு நாற்காலி. அதுதான் ஊக்குவிக்கப்படுகிறவரின் நாற்காலி. மற்ற நாற்காலிகள் எல்லாம் நாற்பதடி தள்ளி, பூத்தொட்டிகளுக்குப் பின்னால். பொன்செல்வி பட்டறையில் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். ஒரு நிர்வாகி ஓடி வந்து அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார். “இதப் போட்டா புரவலர் மேல நம்பிக்கை இல்லன்னு ஆயிரும்மா. முகமும் படத்துல விழாது” என்றார்.

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. புரவலர் வல்லிநாயகம் முதலாளி குளிக்கப் போயிருந்தார். ஊருக்கெல்லாம் தடை என்றாலும் அவருக்கென்று தோட்டத்துக்குள் தனியாக ஒரு சின்ன அருவி உண்டு. பதினொன்றே காலுக்கு, தலையில் ஈரம் சொட்ட, பொன்னாடைக்குத் தோளைத் தயாராக வைத்துக்கொண்டு வந்தார். வந்ததும் கம்பளியை எடுக்கச் சொன்னார், மயில் தெரியவில்லை என்று. பிறகு ஒரு பொத்தானை அழுத்தினார். பம்பு ஓடியது. குடுவைக்குள் இருந்த காற்று போயிற்று. பம்பை நிறுத்தி ஸ்டாப்காக்கை மூடினார்கள். ஒரு மணி நேரம் வெற்றிடம் நிலைத்தால் சாதனை, அந்த ஒரு மணி நேரமும் இளம் ஊதுநர் அருகிலேயே இருந்தால் சான்றிதழ்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். “எனக்கு இந்தக் கண்ணாடி வெவகாரம் ஒண்ணும் தெரியாது. ஆனா வளருற பிள்ளைகளுக்குச் செய்யணும்னு ஒரு இது. போன வருசம் ஒரு பையனுக்குச் செஞ்சேன், நல்லா இருக்கான், இங்கனதான் காப்பி குடுத்துக்கிட்டு நிக்கான். இந்த வருசம் ஒரு பொம்பளப் பிள்ளைக்குச் செய்யுதேன். அதுக்கு மேல கடவுள் விட்ட வழி.” பேச்சை நிறுத்திச் சுற்றிப் பார்த்தார். “ஏன்லே இப்படிப் புழுங்குது? குத்தாலத்துக்கு வந்துட்டு யாராவது சன்னலை மூடி வைப்பானா? எல்லாத்தையும் தொறங்கலே, சாரல் வரட்டும்!”

பட்டறையில் சூடான கண்ணாடி இருக்கும்போது பொன்செல்வி மின்விசிறிகூடப் போட மாட்டாள். இங்கே பன்னிரண்டு சன்னல்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டார்கள். மலையிலிருந்து ஜில்லென்று காற்று வந்தது. கூட்டம் “ஆகா” என்றது. பொடிப்பொடியாகச் சாரல் வந்து மயிலின் தோகையில் உட்கார்ந்ததைப் பொன்செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது.

வரவேற்புரை முடிந்து வாழ்த்துரை ஆரம்பித்தது. முதல் வாழ்த்துரைக்காரர், நேரமில்லாத காரணத்தால் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லிவிட்டுப் பதினெட்டு நிமிடம் பேசினார். இரண்டாமவர், முதலாமவர் சொல்லாமல் விட்டதை மட்டும் சொல்வதாகச் சொல்லி, சொன்னதையே சொன்னார். பொன்செல்வி குடுவையை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். கொதிக்கவில்லை, வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. மூன்றாமவர் பேச எழுந்தபோது மறுபடியும் தொட்டாள். ஆறிப்போயிருந்தது.

தலைவர் எழுந்தார். கையில் சான்றிதழ். இன்னொரு கையில் பேனா. “நண்பர்களே! ஐம்பத்து மூன்று நிமிடங்கள்! நான் என்ன சொன்னேன்? அந்தப் பெண் நேற்று என்னிடம் பயந்தாள். நான் பயந்தேனா? நாற்பதடி தொலைவில் இருப்பவனுக்கு இருக்கும் துணிச்சல், அரையடி தொலைவில் இருப்பவளுக்கு ஏன் இல்லை? இதைத்தான் பேரவை இளைஞர்களுக்குக் கற்றுத் தர விரும்புகிறது!” பேனா மூடியைத் திறந்து கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

டிக்.

நெல் ஒன்று தரையில் விழுந்த அளவுதான் சத்தம். அருவி இரைச்சலிலும் கைதட்டலிலும் யாருக்கும் அது கேட்கவில்லை. கண்ணாடி விரிசல் விடுகிற அந்தச் சத்தத்துக்கு ஐந்து வருடம் பயந்தே வேலை பார்த்தவளுக்குக் கேட்டது. மண்டபத்தின் கோடியில் காப்பித் தட்டோடு நின்ற எபனேசருக்கும் கேட்டது. தட்டு அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. “தொறந்துரு தங்கச்சி!” என்று கத்தினார்.

பொன்செல்வி சான்றிதழைப் பார்த்தாள். ‘முனைவர் நாக’ வரைக்கும் எழுதியாகியிருந்தது. கையை நீட்டி ஸ்டாப்காக்கைத் திருப்பினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. அது முழுதாக நிறைந்து சத்தம் அடங்கியதுதான் தாமதம், மயிலின் காலடியிலிருந்து ஒரு கோடு கிளம்பி, குடுவையைச் சுற்றி நிதானமாக ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. மேல்பாதி, மயிலோடு சேர்ந்து, மேசை மேல் சாய்ந்து உட்கார்ந்தது. ஒரு சில்லுகூடப் பறக்கவில்லை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால், ஆபத்து எதுவும் இருந்திருக்கவில்லை என்று பேரவை உடனே முடிவுக்கு வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு விசாரணைக் குழு கூடியது. பூத்தொட்டிகளுக்குப் பின்னால் இருந்தவர்களே குழு. ஐம்பத்து நான்கு நிமிடம் குடுவை உடையாமல் இருந்தது, பொன்செல்வி கை வைத்த பிறகு உடைந்தது, ஆகவே உடைத்தது அவள் கை என்று எழுதினார்கள். எபனேசர் எழுந்து, “போன வருசம் நான் தொறக்கவே இல்லியே சார், அப்பவும் வெடிச்சுதே” என்றார்.

“அது தியாகம்” என்றார் தலைவர். “இது நாசவேலை. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.”

சான்றிதழ் கிழிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பொன்செல்விக்கு எந்த ஊக்குவிப்பும் கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். கடைசியாகத் தலைவர் பேரவையின் தொலைநோக்குத் திட்டத்தை வாசித்தார்.

“இந்த விபத்துக்கு மூலகாரணம் குடுவையில் ஸ்டாப்காக் இருந்ததுதான் என்று குழு கண்டறிந்துள்ளது. இருந்ததால்தானே திறந்தாள்? ஆகவே அடுத்த ஆண்டுக் குடுவையில் ஸ்டாப்காக் இருக்காது. காற்றை எடுத்ததும் வாயை உருக்கி அடைத்துவிடுவோம். குடுவையும் இரண்டு மடங்கு பெரிது. இளம் ஊதுநரின் நாற்காலியைத் தரையோடு திருகி முடுக்குவது பற்றியும் பரிசீலிக்கிறோம்.”

ஏகமனதாக நிறைவேறியது. முதலாளி அடுத்த ஆண்டுக்கு இரண்டு மயில் தருவதாக அறிவித்தார்.

திங்கள்கிழமை வந்தது, போயிற்று. கேரளத்து வேலை, ஏதோ ஒரு பழைய ஆண்டின் சான்றிதழைக் கையில் வைத்திருந்த, பரீட்சையில் இரண்டாவதாக வந்தவருக்குப் போனது. பொன்செல்விக்கு வயிறு எரியத்தான் செய்தது. கிதிர் முகம்மது பாயின் பட்டறையில் உட்கார்ந்து, ஒரு கல்லூரியின் உடைந்த குழாய்களை ஒவ்வொன்றாக ஒட்டினாள். இரண்டு கண்ணும் மிஞ்சியதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாலும் எரிச்சல் ஆறவில்லை.

ஒரு மாதம் கழித்து எபனேசர் பட்டறைக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

“அடுத்த வருசத்துக்கு விண்ணப்பம் போட்டவங்க. நாப்பத்தொரு பேரு. போன் நம்பர் இருக்கு. நான் இதக் கொண்டுவந்தது தெரிஞ்சா பதிவு மேசையும் போயிரும்.”

“ஏண்ணே இத்தன பேரு? நடந்தது யாருக்கும் தெரியாதா?”

“மலர் அச்சடிச்சி எல்லாக் கல்லூரிக்கும் அனுப்பிட்டாங்க. அட்டையில அந்த வானவில்லு. பாத்தா யாருக்குத்தான் ஆசை வராது?”

பொன்செல்வி பர்னரை அணைத்தாள். தாளில் முதல் பெயர் ஜெயபிரியா, வயது இருபத்தொன்று. போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“அலோ, நான் தென்காசியிலருந்து பேசுதேன். கண்ணாடி ஊதுற பேரவைக்கு நீங்க போட்டிருந்த விண்ணப்பம்...”

“அக்கா!” என்று அந்தப் பக்கம் குரல் குதித்தது. “செலக்ட் ஆயிட்டேனாக்கா? ஒரு நிமிசம் இருங்கக்கா, வச்சிராதீங்க. ஸ்பீக்கர்ல போடுதேன். அப்பாவும் கேக்கட்டும்.”